லக்ஷனுக்கு மைக் வேண்டாம்

— அந்தப் பெரிசை விடு தம்பி. கண்ணாடி அலுமாரிக்குள்ளை கறுப்பா ஒண்டு கிடக்கெல்லே, ரண்டு பக்கமும் குமிழ் வைச்சது... அதைக் காட்டு.

— இதுவோ அன்ரி? இது கேம் கொன்சோல்.

— ஓமோம், தெரியும். அன்ட்ரொயிட்தானே?

— அட... ஓம் அன்ரி, அன்ட்ரொயிட்தான். ஆருக்கு?

— ஒரு பெடியனுக்கு. தங்கச்சியின்ரை மகன். லக்ஷன் எண்டு பேர்.

— லக்ஷனோ?

— ஏன், உனக்குத் தெரியுமோ?

— இல்லையில்லை... இந்த மருதனார்மடத்திலையே நாலைஞ்சு லக்ஷன் இருக்கிறாங்கள். என்ன வயசு?

— பதினேழு. நீ விலையைச் சொல்லு முதல்.

— இருபத்தெட்டு.

— ஆயிரமோ? கோதாரி! அப்ப பக்கத்திலை கிடக்கிற சிவப்பு?

— அது ஒன்பதாயிரம். பத்தாயிரம் கேம் இருக்கெண்டு பெட்டியிலை போட்டிருக்கு.

— பாரன், அதெல்லே லாபம்!

— பத்தாயிரத்திலை ஒரு இருநூறு தேறும் அன்ரி. மிச்சமெல்லாம் அதே கேம், வேறை வேறை பேர். அதோடை அது அன்ட்ரொயிட் இல்லை. இன்ரநெற் வராது. ஒருத்தரோடையும் சேந்து விளையாடேலாது.

— அப்ப அதை உள்ளுக்கு வை. சேந்து விளையாடுறதுக்குத்தான் கேக்கிறது.

— லக்ஷன் ஆரோடை விளையாடுறவர்?

— நாலு பேர் ஒரு குழுவா நிண்டு சுடுறதெல்லே... அது. அவன்ரை போன் பழசு. பத்து நிமிசத்திலை தோசைக்கல்லு மாதிரிக் கொதிக்குது. சுடுவம் எண்டு அமத்தினா, குண்டு போக முதல் ஆள் செத்துப் போகுது. வாற ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை ஒழுங்கா விளையாடாட்டி அவனைக் கழட்டிவிட்டிட்டு வேறை ஆளைச் சேக்கப் போகினமாம்.

— இதுக்கேன் அன்ரி கவலைப்படுறியள்? வேறை குழு பாக்கலாம்தானே.

— வேறை குழு சரிவராது! அவன் உந்தக் குழுவிலைதான் நிக்கவேணும். அதுக்குத்தான் சந்தையிலை வெங்காயத்தைப் போட்ட கையோடை இஞ்சை ஓடி வந்தனான். இது தாக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ... அதை மட்டும் மறைக்காமல் சொல்லு.

— உள்ளதைச் சொல்லுறன். சின்னச் சின்ன விளையாட்டெல்லாம் பறக்கும். சுடுற விளையாட்டுக்கு மட்டும் படத்தின்ரை தரத்தைக் குறைச்சு வைக்கவேணும். அப்பத்தான் இழுபடாது.

— புல்லுப் பூண்டு வடிவாத் தெரியாட்டிப் பறவாயில்லை. எதிரி தெரிஞ்சாக் காணும்.

— ம்... அன்ரி எல்லாம் விளங்கி வைச்சிருக்கிறியள்.

— லக்ஷன் சொல்லுறவன். இது சூடாகாதோ?

— எப்பன் சூடாகும், கொஞ்சமாத்தான். உள்ளுக்குச் சின்னக் காத்தாடி ஒண்டு இருக்கு. காதிலை வைச்சுக் கேளுங்கோ.

— ஓம்... இலையான் பறந்து இரையிற மாதிரிக் கேக்குது. சிம் எங்கை போடுறது?

— சிம் இல்லை அன்ரி. வைபை வேணும். இல்லாட்டிப் போனிலையிருந்து டேற்றா குடுக்கவேணும்.

— உதை நீ முதலே சொல்லியிருக்கவேணும். கரண்ட் போனா?

— நாலு மணித்தியாலம் நிக்கும். பெட்டியிலை ஆறு எண்டு கிடக்கு. நான் நாலு எண்டுதான் சொல்லுவன்.

— பறவாயில்லை, பொய் சொல்லத் தெரியாத பெடியனாத்தான் இருக்கிறாய். மைக்?

— இருக்கு. அருமையான மைக். நீங்கள் மூச்சு விட்டாலே மற்றப் பக்கம் கேக்கும்.

— மைக் இல்லாதது ஒண்டு இல்லையோ?

— என்னது?

— மைக் வேண்டாம் தம்பி.

— அன்ரி, வாற சனமெல்லாம் நல்ல மைக் இருக்கோ எண்டுதான் கேக்கிறது...

— லக்ஷனுக்கு வேண்டாம். அவன்... அவன் வெக்கக்காறன். மைக் உடைஞ்சு போச்செண்டு சொல்லி வைச்சிருக்கிறான். எழுதித்தான் கதைக்கிறவன்.

— சரி, மைக்கை நிப்பாட்டி வைக்கலாம். ஆனா லக்ஷன் வந்து கையிலை பிடிச்சுப் பாத்தா நல்லதெல்லோ?

— அவன் பள்ளிக்கூடம்.

— இண்டைக்குப் பௌர்ணமி, போயா லீவு அன்ரி.

— ...அப்ப ரியூசன்.

— போயாவிலை ரியூசனோ?

— நீ சாமான் விக்கிறியோ, விசாரணை வைக்கிறியோ? இஞ்சை குடு. என்ரை கையும் அவன்ரை கையும் ஒரே அளவு.

— பொறுங்கோ, போட்டுத் தாறன்... இந்தாங்கோ. இடப்பக்கக் குமிழ் நடக்கிறதுக்கு, வலப்பக்கக் குமிழ் திரும்பிப்...

— உஷ்! கதையாதை. அந்தா, மதிலுக்குப் பின்னாலை ஒருத்தன்.

— அன்ரி?

— விழுந்திட்டான்! மற்றவன் எங்கை... கூரையிலை. நான் நினைச்சனான். பதுங்கிறியோ? பதுங்கு, பதுங்கு... அவ்வளவுதான்! என்ன தம்பி இது, அமத்த முதல் வெடிக்குது!

— அன்ரி, உங்கடை பெருவிரல் என்னண்டு உப்பிடி ஓடுது?

— இருவது வருசமா வெங்காயப் பிடி கட்டுற விரலடா. இந்தக் குமிழ் மட்டும் எப்பன் இறுக்கமாக் கிடக்கு.

— பழகப் பழக இளகும். சரி அன்ரி... இப்ப சொல்லுங்கோ. லக்ஷன் எண்டது ஆர்?

— அதுதான் சொன்னனே, தங்கச்சியின்ரை...

— அன்ரி, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.

— அந்தக் கதிரையை இழு, இருப்பம். ...நான்தான். சிரியாதை!

— சிரிக்கேல்லை.

— பல்லுத் தெரியுது.

— மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஏன் அன்ரி, வேறை பொழுதுபோக்குக் கிடைக்கேல்லையோ?

— பொழுதுபோக்கோ! எனக்கு ஒரே ஒரு பெடியன், கீர்த்திகன். கனடாவுக்குப் போய் ரண்டு வருசம். ஞாயிறுக்கு ஞாயிறு எடுப்பான். "சாப்பிட்டியோ?" "ஓம்." "வேலை எப்பிடி?" "நல்லம்." "குளிரோ?" "எப்பன்." அவ்வளவுதான். பேந்து ரண்டு பேரும் ஒண்டும் கதைக்காமல் போனைப் பிடிச்சுக்கொண்டு நிப்பம். கடைசியா, "சரி, வைக்கட்டே அம்மா?"

— பெடியள் உப்பிடித்தான் அன்ரி.

— நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ஒருநாள் தங்கச்சியின்ரை மகள் தனுஷா வந்து, "பெரியம்மா, இதைக் கேளுங்கோ" எண்டு போனைக் காதிலை வைச்சாள். அவளும் அண்டைக்குக் கீர்த்திகன்ரை குழுவோடை விளையாட்டிலை நிண்டவள். என்ரை பிள்ளை சிரிக்கிறான்! கத்துறான்! பாட்டுப் படிக்கிறான் தம்பி! ரண்டு வருசமா எனக்குக் கேக்காத குரல்...

— அப்பத்தான் நீங்கள்...

— அவளைக் கொண்டே லக்ஷன் எண்டொரு பேர் போடுவிச்சன். விடிய இவர் தோட்டத்துக்குப் போனோடனை நான் இறங்கிடுவன். அங்கை அவனுக்கு வேலை முடிஞ்சு வந்து இருக்கிற நேரம்.

— மகனை என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?

— அண்ணை எண்டு.

— பெத்த பிள்ளையையோ!

— வேறை என்ன செய்யிறது? பதினேழு வயசுப் பெடியன், "என்ரை ராசா" எண்டு எழுதேலுமோ?

— மெய்தான்.

— லக்ஷனுக்கு அவன் எல்லாம் சொல்லுவான். மாசியிலை அவனுக்கு வேலை போயிட்டுது. எனக்கு எடுத்து, "நல்லாயிருக்கிறன் அம்மா" எண்டான். பேந்து சித்திரையிலை லக்ஷனுக்குச் சொல்லுறான்... ரண்டு மாசமாப் பாணும் முட்டையும்தான் சாப்பாடாம், எல்லாத்தையும் விட்டிட்டு வந்திடுவம் போலக் கிடக்காம். நான் அடுப்படியிலை இருந்து அழுது அழுது, "எல்லாம் சரிவரும் அண்ணை" எண்டு எழுதினன். சோறு அடிப்பிடிச்சுப் போச்சு. நீ ஏன் மூக்கை உறிஞ்சுறாய்?

— தூசு அன்ரி.

— எனக்கெண்டு அவன் வாய் திறக்கிற இடம் அது ஒண்டுதான். அதுக்கும் ஒரு கரைச்சல் வந்து நிக்குது. அந்தக் குழுவிலை சந்தி ராசா எண்டொருத்தன் இருக்கிறான். சரியான வாய்க்காறன். "உந்த லக்ஷனைக் கழட்டடா, அவனாலைதான் தோக்கிறம்" எண்டு ஒரே கத்தல். அவனைப் பெத்தவ என்னத்தைச் சொல்லி வளத்தவவோ!

— ...அவ நல்ல மனிசி அன்ரி.

— ஆர்?

— சந்தி ராசாவின்ரை அம்மா.

— உனக்கு அவையளை என்னண்டு தெரியும்?

— சந்தியிலை கடை வைச்சிருக்கிறவன் வேறை என்ன பேர் போடுறது அன்ரி?

— ஐயோ... நீயோ?

— நான்தான். டினேஸ். கீர்த்தியும் நானும் ஒண்டா ரியூசன் போனனாங்கள்.

— அட அறுவானே! அதுதான் போன கிழமை, "மருதனார்மடம் சந்தியிலை எங்கடை பெடியன் ஒருத்தன்ரை கடை இருக்கு, ஏமாத்தமாட்டான், போய்ப் பார் லக்ஷன்" எண்டு அவன் எழுதினவன்! இவ்வளவு நேரமும் ஒண்டும் தெரியாத மாதிரி நிண்டிருக்கிறாய்... குரலைக் கேட்டும் எனக்குப் பிடிபடேல்லையே!

— அங்கை நான் கத்துறனானெல்லே அன்ரி. இஞ்சை கடையிலை கத்தினா ஆர் வருவினம்?

— தம்பி, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். கீர்த்திக்குச் சொல்லிப் போடாதை. அம்மா எண்டு தெரிஞ்சா, லக்ஷனுக்கும் "நல்லாயிருக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டு இருந்திடுவான்.

— இதைப் பெட்டியிலை போடட்டோ அன்ரி?

— கதையை மாத்தாதை! சொல்லமாட்டன் எண்டு சொல்லு.

— நான் சொல்ல என்ன கிடக்கு? உங்களைக் கழட்டுவம் எண்டு நான் முதல் தரம் கத்தின அண்டைக்கே கீர்த்தி எனக்குத் தனியப் போன் எடுத்தவன். "வாயை மூடடா, அது என்ரை அம்மா" எண்டான்.

— ...என்ன?

— முதல் நாளே தெரியுமாம்.

— என்னண்டு! நான் மைக்கே திறக்கேல்லையே!

— துவக்கைத் தூக்கிக்கொண்டு சுட இறங்க முதல், "எல்லாரும் சாப்பிட்டாச்சோ?" எண்டு எழுதுற பெடியன் எங்கை அன்ரி இருக்கிறான்? ஒரு வெள்ளிக்கிழமை, "இண்டைக்கு விரதம், நான் ஒருத்தரையும் சுடமாட்டன், பின்னாலை நிக்கிறன்" எண்டும் எழுதினீங்கள். நாங்கள் அண்டைக்கு மூண்டு பேராத்தான் அடிபட்டனாங்கள்.

— கடவுளே... அப்ப நீ பேந்தும் ஏன் கத்தினனி?

— திடீரெண்டு நிப்பாட்டினா உங்களுக்குச் சந்தேகம் வருமாம். ஞாயிற்றுக்கிழமை எண்டு தவணை வைக்கச் சொன்னதும் அவன்தான். போன் தோசைக்கல்லு மாதிரிக் கொதிக்குதெண்டு எழுதியிருக்கிறியள். கையிலை வெடிச்சுப் போடுமோ எண்டு அவனுக்குப் பயம். சும்மா சொன்னா அம்மா தனக்கெண்டு ஒண்டும் வேண்டமாட்டா எண்டான்.

— ...அப்ப வேலை போனது? பாணும் முட்டையும் எண்டது?

— நீங்கள் எண்டு தெரிஞ்சுதான் சொன்னவன். போனிலை சொன்னா அழுவியளாம். நீங்கள் அழுதா அவனாலை கதைக்கேலாதாம். லக்ஷன் எண்டா அழமாட்டான், "சரிவரும் அண்ணை" எண்டுதான் எழுதுவான். வேறை வேலை கிடைக்கும்வரைக்கும் அதைத் திருப்பித் திருப்பி வாசிச்சவனாம். அன்ரி? தண்ணி தரட்டோ?

— வேண்டாம். ...இப்ப வேலை கிடைச்சிட்டுதோ?

— போன கிழமை. ஞாயிற்றுக்கிழமை லக்ஷனுக்குச் சொல்லவெண்டு வைச்சிருக்கிறான். நான் சொன்னதெண்டு காட்டிக்குடுத்திடாதையுங்கோ.

— நான் ஏன் சொல்லுறன்? லக்ஷன் புதுசாக் கேக்கிற மாதிரிக் கேப்பான். உதைக் கட்டு. இருபத்தாறுதான் தருவன், என்னைக் கழட்டச் சொன்னதுக்கு ரண்டைக் கழிச்சுக்கொள்.

— சரி அன்ரி, சரி. அப்ப மைக்கைத் திறந்து விடட்டோ? இனி ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லைத்தானே.

— விசரே, மூடியே விடு! என்ரை பிள்ளைக்கு இன்னும் லக்ஷன் வேணும்.