லோசாவின் முறை

எசெத்தா: "டீச்சர், அந்தப் பையன் இயேசுகிட்ட குடுத்த ரெண்டு மீனும் டப்பா மீனா?" அப்படின்னு கேக்குறான், லோசா. சண்டே ஸ்கூல்ல, அத்தன பிள்ளைங்க நடுவுல.

லோசா: அய்யோ... யாரு பிள்ள?

எசெத்தா: நம்ம சுலியா மகன் மீக்கா.

லோசா: நீங்க என்ன சொன்னீங்க, பாஸ்டரம்மா?

எசெத்தா: நான் சிரிச்சுட்டேன். அவன் சிரிக்கல. "பெரியவங்களுக்கு டப்பா மீன்தான குடுக்கணும்? கடல் மீன் நம்ம வீட்டுக்குத்தான?"ங்கிறான்.

லோசா: அவன் சரியாத்தான் கேட்டிருக்கான். வீட்டுல பாக்குறதத்தான கேப்பான்... இங்க வேண்டாம், அந்தப் பாய்ல உக்காருங்க. செதில் தெறிக்கும்.

எசெத்தா: தெறிக்கட்டும். என்ன மீன்?

லோசா: கிளிமீன் ரெண்டு, மத்ததெல்லாம் பொடி. காலையில பாறைப் பக்கம் வல போட்டேன். கடல்பாசியும் கொஞ்சம் கிடைச்சுது. ஆமா... அது என்ன கூடை, துணி போட்டு மூடி?

எசெத்தா: அது... ஒண்ணுமில்ல. இருக்கட்டும்.

லோசா: சரி, இருக்கட்டும்.

எசெத்தா: நாளான்னிக்கு ஞாயிறு.

லோசா: அதச் சொல்லணுமா? பாஸ்டர் வீட்டுக்கு இந்த வாரச் சாப்பாடு என் முறை. அத நினைச்சே எனக்குத் தூக்கம் போச்சு.

எசெத்தா: தூக்கம் போற அளவுக்கு என்னடி?

லோசா: என்னவா? போன ஞாயிறு சுலியா வீட்டு முறை. டப்பாக்கறி முழுப் பெட்டி, ஆட்டுக் கொழுப்புக் கறி, வான்கோழி வால் ஒரு அண்டா. ஆம்பளைங்க கம்புல கட்டித் தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. ஆராதன முடிஞ்சு ஊரே வெள்ளத் துணியோட தெருவுல நின்னு பாக்குது. அதுக்கடுத்து நான் போகணும். எங்க வீட்டுக்காரர் இருந்தா ஒரு பன்னிக்குட்டியாவது வளத்திருப்பார்...

எசெத்தா: லோசா...

லோசா: ஆக்லாந்துல இருக்கிற தம்பிகிட்டக் காசுக்குச் சொல்லி விட்டிருக்கேன். அவனுக்கும் பிள்ளகுட்டி. பாவம், பதிலே காணோம்.

எசெத்தா: சரி, அத விடு. நீ ஞாயித்துக்கிழம என்ன சாப்பிடுவ?

லோசா: நானா? சேப்பங்கிழங்கு. சேம்பிலை. இந்த மீனச் சுட்டது. பச்ச வாழக்கா அவிச்சது. பப்பாளி பழுத்து விழுது, அதுல ரெண்டு துண்டு. எதுக்குக் கேக்குறீங்க?

எசெத்தா: சும்மாதான். கேக்கவே நல்லாருக்கு.

லோசா: நல்லாத்தான் இருக்கும். வீட்டுக்குள்ள உக்காந்து திங்கிறதுக்கு.

எசெத்தா: உனக்குச் சர்க்கர இல்லியே?

லோசா: இல்லியாம். நர்ஸ் வந்து விரல்ல குத்திப் பாத்துட்டு, "இந்தத் தெருவுல உங்க வயசுல இப்படி ஒருத்தரா! அப்படி என்னம்மா சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டுச்சு.

எசெத்தா: நீ என்ன சொன்ன?

லோசா: "கடையில விக்கிறத வாங்க முடியல, அதனால கடல்லயும் தோட்டத்துலயும் இருக்கிறதச் சாப்பிடுறேன்"னேன். அதுக்கு ஒரே சிரிப்பு. நான் சிரிப்பு மூட்டச் சொல்லல... பாஸ்டர் கால் எப்படி இருக்கு?

எசெத்தா: எந்தக் கால்?

லோசா: பாஸ்டரம்மா...

எசெத்தா: என்ன?

லோசா: பிரசங்கத்துக்கு வலது கால்ல எப்பவும் போடுற செருப்பு. இடது கால்ல அகலமா ஒரு பழைய செருப்பு. நாங்க எல்லாரும் அவர் வாயப் பாத்தோம்னா நினைச்சீங்க? எங்க வீட்டுக்காரருக்கும் முதல்ல செருப்புதான் மாறுச்சு. அப்புறம்தான்...

எசெத்தா: மெதுவா... மெதுவாப் பேசு.

லோசா: சுவரே இல்லாம வெறும் தூண் நிக்கிற வீட்டுல எவ்வளவு மெதுவாப் பேசுறது? இருங்க, இருங்க. சுலியா வர்றா. சிரிங்க.

சுலியா: அடடா, பாஸ்டரம்மாவே வீடு தேடி வந்திருக்காங்க! என்ன லோசா, ஞாயித்துக்கிழமைக்கு எத்தன பெட்டி?

லோசா: இன்னும் எண்ணல, சுலியா.

சுலியா: எண்ணுற மாதிரி இருந்தாத்தான... அட, கோவிச்சுக்காத, விளையாட்டுக்குச் சொன்னேன். வான்கோழி வால் எங்க வீட்டு ஐஸ்பெட்டியில கொஞ்சம் மிச்சமிருக்கு. வேணும்னா பிள்ளகிட்டக் குடுத்தனுப்புறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்.

லோசா: நீ தெருவுல நின்னு கத்துறதுலயே எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு.

சுலியா: என் தொண்ட அப்படி! பாஸ்டரம்மா, போன வாரம் எங்க சாப்பாடு எப்படி? பாஸ்டர் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்ல?

எசெத்தா: ஆமா, சுலியா. கேட்டு வாங்கினார்.

சுலியா: எங்கப்பாவும் அப்படித்தான், வயிறு நிறையச் சாப்பிடுவார். அவர் போனதுக்கப்புறம் பாஸ்டர் சாப்பிடுறதப் பாத்தாத்தான் எனக்கு மனசு நிறையுது... சரி, வர்றேன். ஏ லோசா, அந்தப் பொடி மீனத் தூக்கிட்டு வந்துராத. பாஸ்டர் என்ன பூனையா?

லோசா: போடி, போ. பிள்ள அழப் போறான்.

எசெத்தா: போயிட்டாளா?

லோசா: போயிட்டா. இப்பச் சொல்லுங்க. நிஜமாவே ரெண்டாந்தரம் கேட்டாரா?

எசெத்தா: அவ வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தா, லோசா. அவ முகம் மலர்ற வரைக்கும் சாப்பிட்டார். அப்புறம் விடிய விடிய, "தண்ணி குடு, எசெத்தா... தண்ணி குடு, எசெத்தா..."

லோசா: ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?

எசெத்தா: கப்பல் ஏறித் தலைநகர் அப்பியாவுக்கே போனோம். "அடுத்த தடவ வர்றதுக்குள்ள சர்க்கர இறங்கலன்னா கால் விரல எடுக்கணும். விரலோட நிக்கும்னு என்னால சொல்ல முடியாது"ன்னுட்டார் டாக்டர். டாக்டர் சொல்லும்போது நம்ம பாஸ்டர் ஜன்னலப் பாத்துட்டு இருந்தார். நான்தான் காது குடுத்துக் கேட்டேன்.

லோசா: மருந்து?

எசெத்தா: மாத்திர ஒழுங்காப் போடுறார். நான் நோனி இலைய வாட்டிப் புண்ணுல வெச்சுக் கட்டியிருந்தேன். டாக்டர் அதப் பிரிச்சுப் பாத்துட்டு என்ன சொன்னார் தெரியுமா? "புண்ணு மேல இலை வேண்டாம்மா. இலையத் தட்டுல வைங்க"ன்னார்.

லோசா: தட்டுலயா...

எசெத்தா: கீர, மீன், கொஞ்சமாக் கிழங்கு. உப்பும் கொழுப்பும் வேண்டாம். சாயங்காலம் கடற்கரையோரம் கொஞ்சம் நட. அவ்வளவுதான். நம்ம தாத்தன் பாட்டன் தின்னத மருந்துன்னு எழுதிக் குடுக்குறாங்க.

லோசா: அப்ப வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதான? பாஸ்டர் ஒரு வார்த்த சொன்னா ஊரே கேக்குமே.

எசெத்தா: நான் சொல்லாமலா இருப்பேன்? "இல்லாதவங்க அங்க இங்க கேட்டு வாங்கி ஆக்கிக் கொண்டு வர்றாங்க, எசெத்தா. நான் தட்டத் தள்ளி வெச்சா அது அவங்க முகத்துல அடிச்ச மாதிரி"ங்கிறார்.

லோசா: பிரசங்கத்துல பொதுவாச் சொல்லலாமே.

எசெத்தா: "ஜனங்களோட அன்பு என்னக் கொல்லுதுன்னு மேடையில நின்னு எப்படிச் சொல்லுவேன்?"னு கேக்குறார். நீ பதில் சொல்லு பாப்போம். எனக்குத் தெரியல.

லோசா: ...நீங்க சொன்னா?

எசெத்தா: நான் சொன்னா சுலியா என்ன நினைப்பா? அவ அப்பனுக்கு ஆக்கிப் போடுற மாதிரி ஆக்கிட்டு வர்றா. உன் கறி விஷம்னு அவகிட்டச் சொல்லவா? சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. ஆனா... யாராவது ஒருத்தி...

லோசா: ஒருத்தி?

எசெத்தா: ஒருத்தி முதல்ல வேற மாதிரி கொண்டு வந்தா... சும்மா, கீரையும் மீனுமா... அவர் அதையும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குவார். ஊர் பாக்கும். அடுத்த வாரத்துக்காரியும் யோசிப்பா...

லோசா: அந்த ஒருத்தி நானா? இதக் கேக்கத்தான் வந்தீங்களா?

எசெத்தா: இல்ல. இதுக்கு வரல. என்னைய வேற வேலைக்கு அனுப்பினார்.

லோசா: யாரு?

எசெத்தா: வேற யாரு? அவர்தான். இந்தா... துணிய எடுத்துப் பாரு.

லோசா: டப்பாக்கறி! இவ்வளவா?

எசெத்தா: வீட்டுல அடுக்கி வெச்சிருந்த பெட்டியப் பிரிச்சுக் கொண்டு வந்தேன். "லோசா தனி ஆளு. அவ தெருவுல தல குனிஞ்சு நடக்கக் கூடாது. யாருக்கும் தெரியாமக் குடுத்துட்டு வா. ஞாயித்துக்கிழம அவளே கொண்டு வந்ததா இருக்கட்டும்"னார்.

லோசா: நான் கொண்டு போனா அவர்தான அதத் தின்னணும்?

எசெத்தா: வழி முழுக்க அதத்தான் நினைச்சுட்டு வந்தேன். உன் தல நிமிரணும்னா அவர் கால் போகும். அவர் கால் நிக்கணும்னா உன் தல குனியணும். அதான் கூடைய இறக்கி வெச்சும் துணிய எடுக்கக் கை வரல. அவர் செய்யச் சொன்ன தர்மத்த மறைச்சுட்டு, உன் மானத்தக் கேட்டுட்டு உக்காந்திருக்கேன். என்ன மன்னிச்சுரு, லோசா. எடுத்து வெச்சுக்கோ. நான் கேட்டத மறந்துரு.

லோசா: சேம்பிலையில தேங்காப்பால் ஊத்தலாமா?

எசெத்தா: என்ன?

லோசா: காது கேக்கலியா? தேங்காப்பால் ஊத்தலாமான்னு கேட்டேன்.

எசெத்தா: கொஞ்சமா... ரொம்பக் கொஞ்சமா.

லோசா: வாழக்கா?

எசெத்தா: அவிச்சது. ஒண்ணு போதும்.

லோசா: உப்பு?

எசெத்தா: கைய இழுத்துப் பிடி.

லோசா: எலுமிச்ச பிழிஞ்சா நாக்கு உப்புத் தேடாது. கடல்பாசியிலயே உப்பு இருக்கு, அத நல்லாக் கழுவிரணும். இந்த மீன் பத்தாது. நாளைக்கு வெளிப்பாறைக்குப் போறேன், பெருசா ஏதாவது மாட்டும்.

எசெத்தா: லோசா, யோசிச்சுச் செய். ஊரு சும்மா இருக்காது. கஞ்சப்பிசினாரிம்பாங்க. பாஸ்டருக்கே கீரையக் குடுத்தவன்னு உனக்குப் பேரே வெச்சுருவாங்க.

லோசா: வெக்கட்டும்.

எசெத்தா: நீ நினைக்கிற மாதிரி இல்ல. வருசக்கணக்காப் பேசுவாங்க. அவருக்கு முடியலன்னு நீ வெளிய சொல்லவும் முடியாது. ஏன் இப்படிப் பண்ணினன்னு கேட்டா...

லோசா: கையில இல்லன்னு சொல்லுவேன். அதுல பொய்யும் இல்ல. இந்த டப்பாவ எல்லாம் நீங்களே எடுத்துட்டுப் போங்க. நான் வாங்கிக்கிட்டேன்னே பாஸ்டர்கிட்டச் சொல்லிருங்க. குடுத்த சந்தோசமாவது அவருக்கு இருக்கட்டும்.

எசெத்தா: நான் உனக்கு ஒண்ணுமே செஞ்சதில்லியே. எதுக்கு உனக்கு இந்தச் செரமம்?

லோசா: ...சங்கு ஊதுறாங்க.

எசெத்தா: அய்யோ, சாயங்கால ஜெபத்துக்கா? அதுக்குள்ளயா! இனி ஜெபம் முடியிற வரைக்கும் தெருவுல கால் வெக்க முடியாதே.

லோசா: இங்கயே ஜெபிப்போம். ரெண்டாஞ் சங்குலதான ஜெபம் தொடங்கும், நேரமிருக்கு. அதுக்குள்ள ஒண்ணு சொல்லிர்றேன். உங்ககிட்டக்கூடச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இன்னிக்கு அந்த வாக்கு போகுது.

எசெத்தா: என்னது?

லோசா: எங்க வீட்டுக்காரர் கடைசியாப் படுத்துக் கிடந்தப்ப, கால் புண்ணு நாத்தத்துக்குக் கூடப் பிறந்தவனே வாசலோட நின்னுட்டான். எனக்கே கிட்டப் போனாக் குமட்டும். பாஸ்டர் வந்தார். இதே நேரத்துக்கு... ஊரே வீட்டுக்குள்ள கண்ண மூடித் தல குனிஞ்சிருக்கிற நேரத்துக்கு. வாழத் தோட்டத்து வழியா, பின்பக்கமா. கால மடியில தூக்கி வெச்சுக் கழுவி, துடைச்சு, கட்டுப் போட்டுட்டுப் போவார். எங்க வீட்டுக்காரர் சாகுற வரைக்கும், ஒரு நாள் தவறல.

எசெத்தா: சொல்லு...

லோசா: கோயில்ல தனியா ஜெபம் பண்ணப் போறேன்னுதான் உங்ககிட்டச் சொல்லியிருப்பார். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அத்தன பிடிவாதம். தூக்குவாளியில கொய்யா இலை போட்டுக் கொதிச்ச தண்ணி அவரே கொண்டு வருவார். கை பொறுக்குற சூடு. ஒரு நாள்கூட ஆறிப் போய் வந்ததில்ல. அந்தக் கைக்கு நான் என்ன செய்ய முடியும், பாஸ்டரம்மா? ஊரு என்னக் கஞ்சப்பிசினாரின்னு ஏசிட்டுப் போகட்டும்.

எசெத்தா: லோசா... அந்த மனுசனுக்கு அடுப்புப் பத்த வெக்கவே தெரியாதுடி. தினமும் தண்ணியக் கொதிக்க வெச்சு, சூடு பாத்து, தூக்குவாளிய அவர் கண்ணுல படுற மாதிரி பின்வாசல்ல வெச்சுட்டு நான் உள்ள வந்து உக்காந்துருவேன். இன்னிக்கு வரைக்கும் அவர் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல... ரெண்டாஞ் சங்கு. தலையக் குனி.