காத்தை ஏத்தாத வண்டி

செல்வி: ...கையை உள்ள வெச்சிக்கினு ஒக்காருய்யா. பஸ்ஸுக்காரன் உரசிக்கினு போறான்.

பிரான்சிஸ்: பொம்மை வண்டியில எங்க வெச்சிக்கிறது? இதுவே என் குப்பை லாரின்னா...

செல்வி: உன் லாரிதான் ஒரு வாரமா ஷெட்டுல தூங்குது.

பிரான்சிஸ்: தூங்கட்டும். இன்னைக்கும் உன் பேட்டரி நடுரோட்டுல படுத்துக்கிச்சுன்னா நாளைக்கே என் லாரியை எழுப்பிடுவாங்க. ஆபீசரு அப்படித்தான சொன்னாரு?

செல்வி: ஆமா. விழுப்புரத்துல இருந்து வந்து ஷெட்டுல நிக்கறாரு. மொத்த குப்பையும் எடுத்துக்கினு, சார்ஜோட போய்ச் சேந்தா பேட்டரி வண்டி. இல்லன்னா பழையபடி டீசல். உனக்கு ஜாலிதான?

பிரான்சிஸ்: பொண்டாட்டி வேலை போனா எனக்கு இன்னா ஜாலி?

செல்வி: உன் டிரைவர் சீட்டு திரும்பக் கிடைக்குமே!

பிரான்சிஸ்: ...ரோட்டைப் பாத்து ஓட்டு.

செல்வி: வீட்டுக்கு வீடு நிறுத்தி நிறுத்தி எடுத்தா சார்ஜ் எப்படிய்யா நிக்கும்? அதான் பிளாஸ்டிக்கு, அட்டை எல்லாம் தெருமுனைக்குக் கொண்டாங்கன்னு நேத்து கேட்டேன். மொதல் வீட்டு நூர்நிஷாக்கா, "நாங்க தூக்கிக்கினு வர்றதுக்கு வண்டி எதுக்கும்மா?"ன்னுட்டாங்க. தெருவே அவங்க பக்கம்.

பிரான்சிஸ்: இன்னைக்கு மட்டும் கொண்டாந்துட்டாங்களா?

செல்வி: நீயே பாத்தல்ல! கோணியும் கையுமா முனையில நிக்கறாங்க. பாட்டிலை நசுக்கி, அட்டைப்பெட்டியைப் பிரிச்சு மடிச்சு...

பிரான்சிஸ்: நசுக்கினா எடை கொறையுமா?

செல்வி: எடம் கொறையும்யா. இத்தினி நாளா பாட்டிலோட காத்தையும் ஏத்திக்கினு ஷெட்டுக்கும் தெருவுக்கும் ஓடிக்கினு இருந்தேன். இன்னைக்கு ஒரே நடை.

பிரான்சிஸ்: ஏய்... மேம்பாலம். நேத்து இங்கதான...

செல்வி: பேசாத.

பிரான்சிஸ்: சார்ஜ் கோடு ஒண்ணு கொறைஞ்சிடுச்சு!

செல்வி: பாத்தேன்.

பிரான்சிஸ்: எறங்கித் தள்ளட்டா?

செல்வி: ஒக்காருய்யா! ஏறுது... ஏறுதுய்யா...

பிரான்சிஸ்: ஏறிடுச்சு! அடியே, ஏறிடுச்சு!

செல்வி: நீ ஏன் இந்தக் கத்து கத்தற? போனது உன் சீட்டு!

பிரான்சிஸ்: போனா போவுது.

செல்வி: இரு, இரு... நூர்நிஷாக்கா உன்னைப் பாத்து ஏன் சிரிச்சாங்க?

பிரான்சிஸ்: சிரிச்சாங்களா? நான் பாக்கல.

செல்வி: "அண்ணன் சொன்ன மாதிரியே மிதிச்சிட்டோம்"னாங்க. எந்த அண்ணன்?

பிரான்சிஸ்: ஊர்ல எத்தினி அண்ணன்...

செல்வி: யோவ்! நேத்து சாயங்காலம் டீ குடிக்கப் போறேன்னு எங்க போன?

பிரான்சிஸ்: ...வீடு வீடாத்தான். ஒரு பாட்டிலை மிதிச்சுக் காட்டி, "உள்ள இருந்தது இம்மாம் காத்து. இதைத் தூக்கித்தான் என் பொண்டாட்டி வண்டிக்கு மூச்சு வாங்குது"ன்னேன். நூர்நிஷாக்கா சிரிச்சிட்டாங்க. அவங்க சிரிச்சதும் தெருவே சிரிச்சிடுச்சு.

செல்வி: உன் வேலைக்கு நீயே வேட்டு வெச்சிக்கினியேய்யா!

பிரான்சிஸ்: நேத்து இந்தப் பாலத்துல நீ ஒருத்தியா வண்டியைத் தள்ளிக்கினு இருந்தியே... டீக்கடையில நாலு பேரு சிரிச்சானுங்க. நான் ஓடியாறதுக்குள்ள நீயே தள்ளி ஏத்திட்ட. எனக்குத் தாங்கல செல்வி. ஷெட்டு வந்துடுச்சு பாரு. இன்னும் சார்ஜ் மிச்சம் கீது. என்னைய விடு, மார்க்கெட்டுல மல்லாட்டை மூட்டை ஏத்தற வண்டி எதுனா ஓட்டிக்கிறேன்.

செல்வி: மல்லாட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இது ஜெயிச்சா ரெண்டாவது பேட்டரி வண்டி வருது, டிரைவர் யாருன்னு போன வாரமே ஆபீசரு கேட்டாரு. உன் பேரைத்தான் குடுத்திருக்கேன்... சொன்னா பந்தா காட்டுவன்னு சொல்லல. அதோ, உன்னைய பாக்கத்தான் வாசல்ல நிக்கறாரு. சட்டைப் பட்டனைப் போடுய்யா, ஜல்தி!