மீன் பொரித்தால் கரண்ட் இல்லை

"மீன் பொரிக்கிற வீட்டுக்குக் கரண்ட வெட்டுற சட்டத்த நான்தான் மச்சான் எழுதினன்."

களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறி எனக்கு முன் இருக்கையில் அமர்ந்த இருவரில் கண்ணாடி போட்டவர்தான் இப்படிச் சொன்னார். மடியில் வாவி மீன் பையோடு இருந்த நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நாடகத்திலதானே?" என்றார் மற்றவர்.

"ஓம். இன்னும் அம்பது வருசத்தால சாமியார்மார்தான் நாட்ட ஆளுறாங்க. இப்ப கோயில் சடங்கு முடியுமட்டும்தானே ஊரில மீன் இல்ல? அப்ப வருசம் முழுக்க இல்ல. அதிகாரிமார் வீடு வீடாப் போய்ச் சட்டிய மோந்து பார்ப்பாங்க. கருவாடு பிடிபட்டா ஆறு மாசம் மறியல்ல கம்பி எண்ண வேணும். நேற்று ஒத்திகைக்குக் கோயில் தலைவர் வந்து குந்திட்டார்."

"ஐயோ! மறுகா?"

"நாடகத்தையும் நிப்பாட்டி, என்னையும் கோயிலால தள்ளி வைப்பார் எண்டு நினைச்சன். மனிசன் விழுந்து விழுந்து சிரிச்சார். 'பக்கத்து ஊர்க் கோயில்காரர அப்படியே எழுதியிருக்காய்' எண்டு முதுகில தட்டினார்."

இருவரும் சிரித்த சிரிப்பில் நடத்துநர் திரும்பிப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

"அப்ப சடங்கில நாடகம் நடக்கும்?"

"நடக்கும், நடக்கும். ஒண்டுதான் கேட்டார். அந்தச் சட்டத்தில ஒரு கொப்பி வேணுமாம்."

"என்னத்துக்கு?"

"வாற கிழமை கோயில் நிருவாகக் கூட்டமாம்."

நான் மீன் பையை மெல்லக் காலடிக்குத் தள்ளினேன்.