பகடைக் கிண்ணத்தின் அடியில் ஒரு நீல அட்டை

மூடிய கூடத்தில் இருநூறு பேர் எட்டு மணி நேரம் அமர்ந்து காய் நகர்த்தினால் காற்று கெடத்தான் செய்யும். அதற்காக நான் எவரையும் குறை கூறுவதில்லை. பலகை விளையாட்டுப் போட்டிகளில் பதினோரு ஆண்டுகளாக நடுவராக இருக்கிறேன். ஆட்டத் தகராறுகளைவிடத் துவைக்காத சட்டைகளே என்னை அதிகம் களைப்படையச் செய்தன.

ஆகவே ஒரு விதியை இயற்றினேன். வாடை வீசுபவரிடம் நடுவர் வாய் திறக்கக் கூடாது; எழுத்தில்லாத நீல அட்டை ஒன்றை அவருடைய பகடைக் கிண்ணத்தின் அடியில் செருக வேண்டும். அவரே எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வருவார். பக்கத்து மேசைக்குக்கூடத் தெரியாது. மூன்று அட்டை பெற்றவர் போட்டியை விட்டு விலக வேண்டும்.

போட்டிக் குழுவினராகிய நீங்கள் கேட்கும் தையற்காரர், நான் ஆடிய காலத்தில் என்னை ஏழு முறை தோற்கடித்தவர். இவ்வாண்டு முதல் ஞாயிறன்றே அவர் மேசையில் வாடை இருந்தது. எதிரில் அமர்ந்தவர் மூக்கைத் தேய்த்தபடி, "மாஸ்டர் துணிய தைக்கிறதோட சரி, துவைக்கிறது இல்லபோல" என்றார். அவரை அடக்கினேன், நாகரிகம் முக்கியம். பிறகு அட்டையைச் செருகினேன். தையற்காரர் ஈரத் தலையோடு திரும்பி வந்து, முழு நாளும் வென்றார்.

இரண்டாம் ஞாயிறும் அட்டை வைத்தேன். கை கழுவும் இடத்தில் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, ரெண்டு வேளையும் குளிக்கிறேன். இன்னுமா நாறுது?"

"கொஞ்சம். சோப்ப மாத்திப் பாருங்க."

அவர் சிரித்தார். "வயசாயிடுச்சு. போன மாசம் கால்ல ஊசி ஏறினதுகூடத் தெரியல. பொண்ணு பார்த்துச் சொன்னாதான் தெரிஞ்சுது."

வார நாட்களில் நான் மருத்துவமனையில் புண்களுக்குக் கட்டுப் போடுபவன் என்பதை விசாரித்திருப்பீர்கள். சர்க்கரை நோயால் உணர்விழந்து அழுகும் பாதத்தின் வாடையை நான் வியர்வையோடு குழப்பிக்கொள்வதில்லை. எனினும், போட்டிக் கூடத்தில் நான் நடுவர் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமைகளிலும் புண்ணைப் பார்க்க எனக்கு அலுப்பாக இருந்தது.

மூன்றாம் ஞாயிறு, இறுதி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில், மூன்றாம் அட்டை. அவர் வென்றுகொண்டிருந்தார். காய்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இடது காலை இழுத்தபடி வெளியேறினார். புதன்கிழமை இறந்தார். நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டதாம். அவர் சட்டைப் பையில் மூன்று அட்டைகளைக் கண்ட மகள், அவை என்னவென்று கேட்கத்தான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

சொல்லிவிடுகிறேன். முதல் அட்டையைச் செருகியபோதே எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விரலோ காலோ போயிருக்கும். ஆள் இருந்திருப்பார், இறுதி ஆட்டத்தையும் வென்றிருப்பார். அந்த வார்த்தையை மூன்று ஞாயிறுகள் நான் சொல்லவில்லை.

ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பக்கத்து மேசைக்காரர் முன்னால்கூட நான் அவரைத் தலைகுனிய வைக்கவில்லை.