விலா எலும்புக்குக் கீழே தலை

கோடாரி விழுகிறது. டொக். மறுபடி டொக். பிறகு நீளமாக ஒரு முறிவு. ஜீப்புக்கு முன்னால் புளியமரம் சாய்கிறது.

"திருப்பு பாய்! வண்டியத் திருப்பு!"

கத்துவது சரோஜா சிஸ்டர். டிரைவர் பாஷா பாய் ரிவர்ஸ் எடுக்கிறார். பின்னால் இன்னொரு முறிவு. இன்னொரு மரம். நடுவில் நாங்கள் மூவர். என் வயிற்றில் நான்காவது ஆள். என் விலா எலும்புக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக ஒன்று முட்டுகிறது. அது என் மகளின் தலை.

அது அங்கே இருக்கக் கூடாது. அதனால்தான் புறப்பட்டோம்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. மூன்றாம் நாள். நான் சங்கராபுரம் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். பிரசவ விடுப்பில் கரியாலூரில் இருந்தேன். கணவர் அங்கே வாத்தியார். பயிற்சி என்று சேலம் போனவர் மறியலில் மாட்டிக்கொண்டார். சரோஜா எங்கள் மலைக்கான சுகாதாரச் செவிலியர். அன்று காலை வந்து வயிற்றைப் பரிசோதித்தார்.

பரிசோதனைக்கு முறை உண்டு. அதை இங்கே எழுதுகிறேன். கர்ப்பிணிகள் படிக்கட்டும். முதலில் வயிற்றின் மேல்பக்கம் இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். என் கையையே எடுத்து அங்கே வைத்தார்.

"இன்னா கீது, சொல்லு."

"கெட்டியா இருக்கு. தட்டினா தனியா ஆடுது."

"குண்டின்னா மெத்துனு இருக்கும், ஒடம்போட சேந்து ஆடும். இது தல."

அடுத்து பக்கவாட்டு. இடதுபுறம் வழவழவென்று நீளமாக முதுகு. வலதுபுறம் சின்னச் சின்ன மேடுகள், கை கால். கடைசியாக அடிவயிறு. அங்கே மெத்தென்று இருந்தது. இதயத்துடிப்பு தொப்புளுக்கு மேலே கேட்டது. எல்லாம் ஒத்துப்போயிற்று. உதை இரண்டு மாதமாக என் மூத்திரப்பையில்தான் விழுந்தது. கீழே உதைத்தால் சீக்கிரம் பிறக்கும் என்று பக்கத்து வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். கீழே உதைத்தால் கால் கீழே இருக்கிறது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். விக்கல் மட்டும் மேலே, விலாவுக்கு அடியில், கடிகாரம் போல அடிக்கும். அடித்தால் நான் பேச்சை நிறுத்திக்கொண்டு காத்திருப்பேன்.

பெரும்பாலான குழந்தைகள் கடைசி மாதத்துக்குள் தானாகத் திரும்பிவிடும். என் மகள் திரும்பவில்லை. இப்படிப் பிறந்தால் உடம்பு முதலில் வரும். எல்லாவற்றிலும் பெரியதான தலை கடைசியில் வரும். நடுவில் தொப்புள்கொடி நசுங்கலாம். ஆஸ்பத்திரியில் இருந்தால் பிழைக்கும். ஆனால் வலி தொடங்குவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும்.

அதனால் ஜீப். அதனால் இந்தச் சாலை. கச்சிராயபாளையம் தாண்டிவிட்டோம். ஆஸ்பத்திரி இருக்கும் கள்ளக்குறிச்சி பக்கம்தான்.

கூட்டம் ஜீப்பைச் சூழ்கிறது. முன்னால் வருபவர் பெயர் தண்டபாணி. மற்றவர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தோளில் கோடாரி. குரலில் கோபமில்லை. விதிகளைச் சொல்கிறார்.

"வலி எடுத்த பொம்பள, பொணம், பால் வண்டி. இந்த மூணுதான் வுடுவோம். யம்மா, உனுக்கு வலி எடுத்துகிச்சா?"

"இல்லை" என்கிறேன். கேள்விக்கு உண்மையான பதில். இது என் தவறு என்று பிற்காலத்தில் பலர் சொன்னார்கள். இல்லை. மரத்தை வெட்டியது நான் இல்லை.

சரோஜா இறங்கிப் போனார். "வலி வந்தா லேட்டுப்பா. கொழந்த தல மேல கீது."

"தல மேலதான கீது? அப்ப நல்லாத்தான கீது சிஸ்டர். ராசா மாரி நிமிந்து குந்திகினு கீறான். நானும் அப்டித்தான் நின்னுகினு கீறேன், எனுக்கு இன்னா கொறச்சல்?"

சிரிப்பு. கூட்டம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பின் நீளம் எனக்கு இன்னும் தெரியும்.

பாஷா பாய் கும்பிட்டார். "நம்ம வூட்டுப் பொண்ணுன்னு நெனச்சிக்கப்பா."

"எங்கூட்டுப் பொண்ணுங்க வலி வந்தாத்தான் போவாங்க பாய். நீ பேசாத குந்து."

வெயில் ஏறியது. தூரத்தில் போலீஸ் வேன் சத்தம். கல் விழும் சத்தம். தகரத்தில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று. "குனிஞ்சிக்க! தலையக் குனிஞ்சிக்க!" ஜீப்பின் தரையில் கிடந்தேன். சரோஜா என் மேல் கவிழ்ந்திருந்தார். விலாவுக்கு அடியில் விக்கல். சீராக அடித்தது. பிறகு வேன் போய்விட்டது.

பொழுது சாய்கிறது. எழுந்து உட்காருகிறேன். பனிக்குடம் உடைகிறது. சூடு. புடவை நனைகிறது. சரோஜா பார்க்கிறார். முகம் மாறுகிறது. கொடி வெளியே வந்துவிட்டது.

விக்கலுக்காகக் காத்திருக்கிறேன். இல்லை.

அதன் பிறகுதான் வலி. கத்தினேன்.

இப்போது நடந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். கத்தியது கேட்டதும் தண்டபாணி ஓடிவந்தார். "டேய்! வலி எடுத்துகிச்சிடா! மரத்த இழுங்கடா!" முதலில் தோள் கொடுத்தவர் அவர்தான். கயிறு கட்டினார்கள். மரத்தை நகர்த்தினார்கள். ஒருவன் வண்டிக்கு முன்னால் ஓடி வழி விலக்கினான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. விதியைப் பின்பற்றினார்கள். நானும் விதியைப் பின்பற்றத் தெரிந்தவள்.

கள்ளக்குறிச்சியில் அறுவை நடந்தது. மகளை எடுத்தார்கள். ரத்தம் நிற்கவில்லை என்று கருப்பையையும் எடுத்தார்கள்.

பதினேழு வருடம் கழித்து நான் சங்கராபுரத்தில் மண்டலத் துணை வட்டாட்சியர். சாதிச் சான்றிதழில் கையெழுத்திடும் மேசை. போராடியவர்களுக்கு ஒதுக்கீடு கிடைத்திருந்தது. கோரிக்கை நியாயமானது என்றே இன்றும் சொல்வேன். நூற்றுக்கணக்கில் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் தண்டபாணி வந்து நின்றார். நரைத்திருந்தார். குரல் மாறவில்லை. மகனுக்குச் சான்றிதழ்.

"ரெண்டு நாள்ல காலேஜ் கவுன்சிலிங்கும்மா. ரொம்ப அவசரம்."

"வலி எடுத்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா?"

"ஒன்றுமில்லை."

கிராம நிர்வாக அலுவலர் விசாரணை. பிறகு வருவாய் ஆய்வாளர் விசாரணை. பிறகு என் மேசை. அவசரத்துக்கு ஒரே நாளில் முடிக்கவும் வழி உண்டு. எல்லோருக்கும் அப்படித்தான் முடித்துக் கொடுப்பேன். அவருக்கு விதிப்படி. ஒரு படிகூடத் தாண்டவில்லை. ஒரு நாள்கூட வீணாக்கவில்லை. என் மேல் புகார் எழுத ஒரு வரி கிடைக்காது.

சான்றிதழ் தயாரானபோது கவுன்சிலிங் முடிந்திருந்தது. என் கையாலேயே கொடுத்தேன். கொடுக்கும்போது சொன்னேன். கச்சிராயபாளையம் ரோடு. ஜீப். ராசா மாரி நிமிந்து குந்திகினு கீறான்.

அவர் சான்றிதழை மேசையில் வைத்தார்.

"அந்தக் கொழந்த?"

"செத்துப்போச்சு. பொண்ணு."

சான்றிதழில் இருந்த மகன் பெயரைத் தொட்டார். பிறகு, "எங்கூட்டுக்காரி அப்ப ஏழு மாசம்மா. அந்த வயித்துல இருந்தவந்தான் இவன். இவன் இன்னாம்மா பண்ணான்?"

"என் பொண்ணு என்ன பண்ணினாளோ, அதேதான்."

மன்னிப்புக் கேட்டார். வாங்கிக்கொள்ளவில்லை. பையன் அடுத்த ஆண்டு சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அதனால் என் தூக்கம் கூடவும் இல்லை, கெடவும் இல்லை.

மறியல் நடந்த அந்த வாரம் அவர்கள் பக்கமும் செத்தார்கள். அவர்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. தூணில் பெயர் இருக்கிறது. செத்துப் பிறந்த குழந்தையைப் பதிவதற்குத் தனிப் படிவம். அதில் குழந்தையின் பெயருக்கு இடம் கிடையாது.

கணக்கு இது. தண்டபாணி பக்கம் இழப்பு: ஓர் ஆண்டு. என் பக்கம்: ஒரு மகள். ஒரு கருப்பை. அதன்பின் பிறந்திருக்க வேண்டியவர்கள், எண்ணிக்கை தெரியாது.

அவர் வழிவிடுவதாகச் சொன்னவை மூன்று. வலி எடுத்த பெண்ணாக அந்தச் சாலையைக் கடந்தேன். மறுநாள் அதே ஜீப்பில் சரோஜாவும் பாஷா பாயும் பிணத்தை மலைக்குக் கொண்டுபோனார்கள். அதையும் விட்டார்கள்.

மூன்றாம் நாள் எனக்குப் பால் சுரந்தது.