மீட்டர் பூஜ்யம் காட்டிய இரவு

இரவு பத்து மணி. ஊர் முடிந்து, தெருவிளக்குகளும் முடிந்து, அதற்கப்புறமும் நீளும் ஒரு சாலை... அதன் கோடியில் சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம். அங்கே என் நண்பனின் சித்தப்பாவுக்கு ராத்திரி வேலை. சாயங்கால வேலை அவருடைய மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதை நான் உரக்கச் சொல்வதில்லை.

அன்றைக்கு மச்சானைக் காணோம். தொட்டி ஏணியின் கீழே அவன் செருப்பு மட்டும். வேலைக்குப் போடும் பூட்ஸைக் கழற்ற மறந்து அப்படியே கிளம்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். எதற்கும் அலட்டிக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

வேலை இதுதான். எஃகுத் தொட்டியில் சாயத் தண்ணீர். அதில் பெராக்சைடு விட்டு, உள்ளே இருக்கும் புற ஊதா விளக்குகளைப் போட வேண்டும். அழுக்கு உடைந்து உடைந்து, கடைசியில் வெறும் தண்ணீரும் காற்றும் ஆகிவிடும். எவ்வளவு மிச்சம் என்று மீட்டர் சொல்லும். வழக்கமாக முந்நூறில் தொடங்கும். அன்று தொள்ளாயிரம்.

மூடியைத் திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் பெராக்சைடு கூடினாலும் மீட்டர் ஏறும். மச்சான் அளவு தெரியாமல் ஊற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே எல்லா விளக்குகளையும் போட்டார்.

ஒரு மணி. மீட்டரில் ஐந்நூறு. மனைவி போன் செய்தாள், அண்ணன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று.

ஏணியடியில் கிடந்த செருப்பு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் சுவிட்சில் கை வைத்தார். மறுபடி போன்.

"அண்ணன் வந்துட்டாருங்க. தலைமுடியெல்லாம் வெளுத்துக் கிடக்கு. லைட்ட அணை, லைட்ட அணைன்னு அதையே சொல்றாரு. வீட்ல எல்லாத்தையும் அணைச்சுட்டேன்... இன்னும் சொல்றாரு."

வந்துவிட்டான் அல்லவா. சித்தப்பா சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

அப்போதுதான் கேட்டது. தொட்டிக்கு உள்ளேயிருந்து... டொக். டொக். முடி கருகும் வாடை. உள்ளே இருப்பது யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கை எழவில்லை, கால் எழவில்லை. பயம்கூட வரவில்லையாம். உடம்பு முழுக்க மரத்துப்போய், மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்நூறு... நூறு... பத்து. டொக் சத்தமும் மெலிந்துகொண்டே போனது.

நான்கு மணிக்குப் பூஜ்யம். அவருடைய சர்வீஸில் பூஜ்யம் பார்த்ததே இல்லை. மூடியைத் திறந்தார். அடிவரை தெரிகிற தண்ணீர், வேறொன்றுமில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, உன் அண்ணன் எங்கே என்று கேட்டார்.

தூக்கக் கலக்கத்தில் மனைவி சொன்னாள்: "என்னங்க உளர்றீங்க? எனக்கு ஏது அண்ணன்?"

மாமியாரிடம் கேட்டார். ஒரே பெண்ணைத்தானே பெற்றேன் என்றார் அந்த அம்மாள்.

இதையெல்லாம் சித்தப்பா சொல்லி முடித்ததும், மச்சான் பெயர் என்ன என்று நண்பன் கேட்டிருக்கிறான். பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்... வாயைத் திறந்தார். அப்புறம், "யாரைக் கேக்கிற?" என்றார்.