பாலத்து இறக்கத்தில் ஒரு கல்

...இவன் என்ன ஓட்டு ஓட்டுறாங்கறீங்க பாய்? முப்பது அடிக்கு ஒரு ப்ரேக்கு! இல்லல்ல, நீங்க ஜன்னல் பக்கமே இருங்க. கட்டுப் போட்ட கை வெளிப்பக்கம் இருந்தாத்தான் எனக்குத் தோது. பஸ்ஸே பழக்கமில்ல பாய். திருவையாறு பக்கம் ஊரு. வயசு அறுபத்தெட்டு. தஞ்சாவூருக்கே சைக்கிள்லதான் வருவேன். பஸ்ஸுன்னா யாராவது செத்தாத்தான்... அதுவும் தூரத்து ஒறவா இருந்தாத்தான்.

கையா? அதத்தான் சொல்ல வந்தேன். ரோட்டுல நெல்லு காயப் போடுறானுவ பாருங்க, அதுல ஒடஞ்சது. சரி, குறுவை அறுப்பு, களம் கெடையாது, எங்க போவான், போட்டுட்டுப் போறான். வண்டி ஏறாம இருக்க ஓரத்துல கல்லு வப்பான். செங்கல்ல வைய்யி, வேணாங்கல! இது கருங்கல்லு பாய். தேங்கா தண்டி! அதுவும் எங்க? வாய்க்கால் பாலத்து எறக்கத்துல! மூள இருக்கறவன் வப்பானா?

யாரு நெல்லா? யாரு கண்டா... ரோடுன்னா பத்துப் பேரு போடுவான்.

அந்த எறக்கம் இருக்கே பாய்... பன்னெண்டு வயசுலேந்து எறங்கறேன். மூச்சு முட்ட மிதிச்சு பாலத்து மேல வந்துட்டா, அப்பறம் ஒண்ணும் செய்ய வேணாம். ரெண்டு காலையும் பெடல்லேந்து எடுத்து நீட்டிக்கிட்டா... காத்து சட்டைக்குள்ள பூந்து முதுகுல பொடைக்கும். கீழ அரசமரம் வரைக்கும் அதுவே கொண்டு விடும். அதுல ப்ரேக்கு புடிச்சு எறங்கறவன் சைக்கிளே ஓட்ட வேணாம், தள்ளிக்கிட்டே போவலாம். கல்யாணத்தன்னைக்கு மாலையோட எறங்குனேன். சிரிக்காதீங்க. மாலைல பாதிதான் மிஞ்சுச்சு.

எம் பொண்டாட்டி வேம்புக்கு அந்த எறக்கம் பயம். புதுசுல கேரியர்ல வச்சுக்கிட்டு திருவையாறு போறேன். பாலத்து மேல மெதுவானப்போ சத்தம் போடாம எறங்கிட்டா. நான் பேசிக்கிட்டே போறேன்... அவ அண்ணன் பொண்டாட்டி பண்ணுன கூத்தெல்லாம் ஒண்ணுவிடாம. என்ன பொறுமையா கேக்கறான்னு சந்தோஷம் வேற! கோயில் வாசல்ல திரும்பிப் பாத்தா வெறும் கேரியரு. கனம் கொறஞ்சது தெரியலயான்னு இன்னிக்கும் கேக்கறானுவ. எறக்கத்துல கனம் எங்க பாய் தெரியும்?

எங்க விட்டேன்... ஆங், எம் பொண்ணு. ஒரே பொண்ணு, சுடர்விழி. பாபநாசத்துல கணக்கு டீச்சர், அவ வீட்டுக்குத்தான் போறேன். சட்டம் பேசுவா. கை ஒடஞ்சதும் வந்து நின்னா. "அப்பா, உங்க தப்பால விழுந்திருந்தா சைக்கிள் பழைய இரும்புக்குப் போவும். வேற யாரு தப்பாவது இருந்தா நானே வீல் மாத்தித் தரேன்"ன்னா. ஐம்பத்தாறு வருஷமா மிதிக்கறேன் பாய். அது போச்சுன்னா நான் எங்க போவேன், யார் கூடப் போவேன்? யாரோ கல்லு வச்சுட்டான்னேன்.

அதோட விட்டாளா? ஊராட்சிக்கு மனு எழுதிட்டா! 'பொதுச் சாலையில் அஜாக்கிரதையாகக் கல் வைத்த நபரைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்குமாறு...' கீழ, மனுதாரர் தங்கையன். நான்தான். வலது கையில கட்டா, எடது பெருவிரல்ல மை தடவி அவளே வச்சு அமுக்குனா.

மறுபடி யாரு நெல்லுன்னே கேக்கறீங்களே! நெல்லுலயா பேரு எழுதியிருக்கு?

இருங்க, போனு... அலோ... ஆமாம்மா, அய்யம்பேட்ட வந்துட்டேன்... ஆங்?... யாரு, அம்மாவா சொன்னா?... நீலப் பெயிண்டா... ம்... ம்... அலோ? சரியா கேக்கலம்மா... அலோ!

...நல்லாத்தான் கேட்டுச்சு பாய்.

மனுவப் பாத்துட்டு ஊராட்சி ஆளு வீட்டுக்குக் கொண்டாந்து காட்டுன கல்லுல நீலப் பெயிண்டு இருந்துச்சாம். 'இது நம்ம மோட்டார் கொட்டாயில கெடந்த கல்லாச்சே'ன்னுட்டா வேம்பு.

என் நெல்லுதான். கொள்முதல் நிலையத்துல ஈரம் இருக்குன்னு திருப்பிட்டாங்க. முந்தின நா மத்தியானம் கொண்டாந்து பரப்புனேன். போன தடவ எவனோ லாரிய ஏத்திட்டுப் போயிட்டான். அதான் பெருசாப் பாத்து, பாத்து, சரியா எறக்கத்துல... வேகமா வர்ற பய எவனா இருந்தாலும் பயப்படணும்னு. காலைல டீ குடிச்சுட்டு வந்தேன். பாலத்து மேல வந்ததும் காலத் தூக்கிட்டேன் பாய். அங்க வந்தா அது தானா தூக்கிக்குது. அப்பக் கல்லு ஞாபகமா வரும்?

கண்டக்டர்! கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, நான் இங்கயே எறங்கிக்கறேன்! டிக்கெட் பாபநாசத்துக்குத்தான், இருந்தாப் போவுது!

எதிர்ப்பக்கம் பஸ்ஸு கெடச்சா மூணு மணிக்கு ஊருல இருப்பேன். அஞ்சு மணிக்கு இரும்புக் கடைக்காரன வரச் சொல்லிட்டாளாம். வைக்கப்போருக்குள்ள ஒரு சைக்கிள் போவாதா என்ன...

நீங்க பாபநாசம்தானே? பஸ் ஸ்டாண்டுல நிப்பா. கண்ணாடி போட்டிருப்பா, தோள்ல கறுப்புப் பை. நான் எறங்கலன்னா பஸ்ஸுல ஏறி ஒவ்வொருத்தரையா கேப்பா. உங்களையும் கேப்பா.

இவ்வளவு நேரம் யாரு நெல்லுன்னே கேட்டுக்கிட்டு வந்தீங்கள்ல பாய்... அவ கேட்டா மட்டும் வாயே தொறக்காதீங்க.